கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடு

கல்யாண வீட்டுக்கு வருகிறவன் மாதிரி உடுத்திக்கொண்டு டாக்டரின் அறைக்குள் வந்தான் தம்பி. டைல்ஸ் கடை முதலாளி. ஆயிரம் வேலையைப் போட்டுவிட்டு வந்திருப்பதாக உட்காருவதற்குள் இரண்டு தடவை சொல்லிக்காட்டினான். அக்காவுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. ஆள் வந்து மாட்டிக்கொண்டான்.

டிரைவிங் ஸ்கூலில் ஊரான் பிள்ளைகளுக்கெல்லாம் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் அக்கா. இப்போது நுரையீரல் பாதிதான் வேலை செய்கிறது. பேச முடியாத நிலை வந்தால் தொண்டையில் குழாய் வேண்டாம், மெஷின் வேண்டாம், வலி தெரியாமல் போகவிட்டால் போதும் என்று எழுதிவைக்க வந்திருந்தாள். ஆனால் ரத்த சொந்தம் யாராவது வந்து சத்தம் போட்டால் ஆஸ்பத்திரியில் தயங்குவார்கள் என்று டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார். சத்தம் போட அவளுக்கு இருந்தது ஒரே ஆள்தான். தன் சார்பில் பேசும் பொறுப்புக்கு அவன் பெயரையே கொடுத்துவிட்டாள்.

"இப்ப எதுக்குக்கா இதெல்லாம்? எவ்வளவு செலவானாலும் நான் பாத்துக்கறேன்" என்றான் தம்பி.

அம்மா படுத்திருந்தபோதும் ஃபோனில் இதையேதான் சொன்னான். தங்கமான பிள்ளை என்று சொந்தக்காரர்கள் உருகினார்கள். அந்தத் தங்கம் ஒரு நாளும் ஆஸ்பத்திரிப் படி ஏறவில்லை. அக்கா வாயைத் திறந்தாலே கடையில் ஆள் நிற்கிறது என்று ஃபோனை வைத்துவிடும்.

"கையெழுத்துப் போடறவங்க எல்லாம் தெரிஞ்சு போடணும்தானே டாக்டர்?"

டாக்டர் தலையாட்டினார்.

"ஃபோனை மேசை மேல வைடா. மொதல் நாள்லேர்ந்து சொல்றேன்."

சொன்னாள். குழாயைப் பிடுங்காமல் இருக்க அம்மாவின் கைகளைக் கட்டிலோடு கட்டியதை, சளியை உறிஞ்சும்போதெல்லாம் அந்தச் சின்ன உடம்பு வில்லாக வளைந்ததை, கட்டை அவிழ்த்த நேரத்தில் அம்மா இவள் உள்ளங்கையில் விரலால் 'போதும்' என்று எழுதியதை. நடுவில் மூச்சு முட்டியது. நிறுத்தி, இழுத்து விட்டுக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். கிளட்சும் கியரும் சொல்லிக்கொடுக்கிற அதே குரல், ஏற்ற இறக்கமே இல்லை.

தம்பியின் முகம் வெளிறிவிட்டது. "விட்டுடுக்கா. எனக்கு இதெல்லாம் தெரியாதுக்கா."

"தெரியக்கூடாதுன்னுதானேடா அப்பல்லாம் ஃபோனை வச்ச?"

அவன் குலுங்கிக் குலுங்கி அழுதான். இன்னொரு நாள் பார்க்கலாமே என்றார் டாக்டர். அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தம்பி அழுவது அவளுக்கு இனித்தது. ஆனால் இப்படி அழுகிறவன்தான் நாளைக்கு வராந்தாவில் நின்று 'எங்க அக்காவை எப்படியாவது காப்பாத்துங்க' என்று கதறுவான். அந்தக் கதறலில் ஒரு சொட்டுக்கூட மிச்சம் வைக்காமல் இன்றைக்கே பிழிந்து எடுத்துவிட வேண்டும்.

"மெஷின் வேண்டாம்னு நானே சொல்லிடறேன். எங்க போடணும், குடு" என்று அவன் பேனாவுக்குக் கை நீட்டினான்.

அவள் பேனாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"கண்ணைத் துடைச்சுக்கோ. நான் இன்னும் மூணாவது நாளுக்கே வரல. அம்மா மூணு வாரம் கெடந்தா."