மூன்று முறை நல்லா இருக்கேன்

காலை ஏழே முக்காலுக்கு மிரான் பல் துலக்கிக்கொண்டிருந்தாள். கைபேசி அதிர்ந்தது. பிறகு நிற்கவே இல்லை. எடுத்துப் பார்த்தால் சிவப்புப் புள்ளிகள். எண்ணினாள். பதினாறு.

அவள் பார்த்துக்கொள்கிறவர்களே மொத்தம் பதினேழு பேர்தான். சோல்கோல் கிராமத்திலும் அதன் மேலே மலைச்சரிவில் இருக்கிற வீடுகளிலும் தனியாக வாழ்கிற வயதானவர்கள். அவளை எல்லோரும் மரியாதைக்கு டீச்சர் என்பார்கள். ஒவ்வொரு வீட்டிலும் டிவிக்குப் பக்கத்தில் வட்டார அலுவலகம் கொடுத்த ஒரு தொடுதிரை நிற்கும். காலையில் எழுந்ததும் அதில் இருக்கிற இரண்டு பொத்தான்களில் ஒன்றை அழுத்த வேண்டும். ஒன்று 'நல்லா இருக்கேன்'. இன்னொன்று 'உடம்பு சரியில்ல'. இரண்டாவதை அழுத்தினால் மிரானின் கைபேசியிலும் நகரத்து உதவி மையத்திலும் சிவப்புப் புள்ளி வரும். மற்ற நாட்களில் ஒன்றோ இரண்டோ வரும். முட்டிவலி, தூக்கமில்லை, சில சமயம் பேச ஆள் இல்லை. நான்கு வருடத்தில் பதினாறு வந்ததில்லை.

வாயைக் கொப்பளிப்பதற்குள் மையத்திலிருந்து அழைப்பு.

"மிரான் டீச்சர், உங்க ஊர்ல நேத்து விருந்தா? எல்லாரும் ஒரே எடத்துல சாப்பிட்டாங்களா?"

நேற்று ஊர் மண்டபத்தில் குளிர்காலத்துக்கான கிம்ச்சி, அந்தக் காரக் கோசு ஊறுகாய், போட்டார்கள். வேலை முடிந்ததும் வேகவைத்த பன்றிக்கறி, புதுக் கிம்ச்சி, கூடவே வேகவைக்காத கடல்சிப்பி. எல்லோரும் சிப்பியை அள்ளி அள்ளிச் சாப்பிட்டார்கள்.

"சிப்பி" என்றாள் மிரான்.

"ஐயோ. பதினாறு பேருமா?"

"ஒருத்தரத் தவிர எல்லாரும் வந்தாங்க." சொல்லும்போதே பட்டியலில் அந்த ஒருத்தரைத் தேடினாள். மல்சுன். பச்சைப் புள்ளி. நல்லா இருக்கேன், 7:12. நல்லா இருக்கேன், 7:13. நல்லா இருக்கேன், 7:40.

"அந்த ஒருத்தரு நல்லா இருக்காரு. அப்ப சிப்பியேதான்" என்றது மையத்துக் குரல். "நான் சுகாதார நிலையத்துக்குச் சொல்றேன். நீங்க கெளம்புங்க."

காரில் போகும்போது ஊர்த்தலைவர் ப்யோங்மானைக் கூப்பிட்டாள். சிப்பி வாங்கி வந்ததே அவர்தான்.

"டீச்சர், சத்தியமா நல்ல சிப்பி! காலைல கடல்ல இருந்தது, மத்தியானம் நம்ம தட்டுல இருந்தது. நானும்தான் முப்பது தின்னேன். எனக்கு ஒண்ணும்…" சட்டென்று நிறுத்தினார். "இப்ப நீங்க சொன்னதும் எனக்கும் ஏதோ பண்ணுது."

"எல்லாரையும் மண்டபத்துக்கு வரச்சொல்லுங்க, தலைவரே. நான் வந்துடறேன்."

ஊர் வளைவில் கார் திரும்பும்போதே ஒலிபெருக்கி கேட்டது. "ஆ… ஆ… மைக் சோதனை. தலைவர் பேசறேன். நேத்து சிப்பி சாப்பிட்டவங்க எல்லாம் உடனே மண்டபத்துக்கு வாங்க. சாப்பிடாதவங்க வர வேணாம். யாரும் பயப்படாதீங்க. ஆனா சீக்கிரம் வாங்க."

மண்டபத்தில், அடியில் கணப்பு வைத்துச் சூடாக்கிய தரையில் பதினாறு பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சுகாதார நிலையத்திலிருந்து வந்த இரண்டு பேர் ஒவ்வொருவர் நெற்றியிலும் காய்ச்சல் பார்த்தார்கள், வயிற்றை அமுக்கினார்கள். யாருக்கும் ஒன்றும் இல்லை.

"எங்கம்மா வலிக்குது?" என்று மிரான் ஒவ்வொருவரிடமும் கேட்டாள்.

"எனக்கென்ன வலி? நல்லாத்தான் இருக்கேன்."

இதை அவள் நம்பவில்லை. இவர்கள் கால் உடைந்தாலும் நல்லாத்தான் இருக்கேன் என்பார்கள். பிள்ளைகளுக்குத் தெரியக்கூடாது, அடுத்த வீட்டுக்குத் தெரியக்கூடாது. வாயால் சொல்ல மாட்டார்கள் என்றுதானே பொத்தானே வந்தது. இரண்டாவது முறையும் காய்ச்சல் பார்க்கச் சொன்னாள். தலைவர் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தார். மணி பத்தைத் தாண்டியது.

"மல்சுன் வரலையா?" என்று கேட்டாள் க்வீரே. எழுபத்தெட்டு வயது. ஊரில் எல்லோருடைய வாயையும் அடைக்கிற வாய்.

"அவங்க சிப்பி சாப்பிடல. நல்லா இருக்கேன்னு மூணு தடவ அழுத்தியிருக்காங்க."

க்வீரே தொடையில் தட்டிக்கொண்டாள். "பாத்தீங்களாடி! என் கோசுக் கிம்ச்சில உப்பு பத்தலைன்னு சொல்லிட்டுப் போனவ, பத்து நாளா இந்தப் பக்கம் தலை காட்டல. இப்ப நம்ம எல்லாம் படுத்துட்டோம்னு கேள்விப்பட்டு, நான் நல்லா இருக்கேன், நான் நல்லா இருக்கேன்னு குத்திக் காட்டறா!"

எல்லோரும் சிரித்தார்கள். மிரானும் சிரித்தாள்.

"அது சரி டீச்சர், நான் நல்லா இருக்கேன்னுதானே அழுத்தினேன். உனக்கு ஏன் செவப்பு வருது?"

"நீங்க தப்பா அழுத்தியிருப்பீங்கம்மா."

"யாரு, நானா? வா, வந்து பாரு!" க்வீரே எழுந்து அவள் கையைப் பிடித்து இழுத்தாள். வீடு மண்டபத்துக்கு எதிரில்தான்.

க்வீரேயின் டிவி பக்கத்தில் திரை நின்றது. அதன் சட்டத்தில், திரைக்குக் கீழே, இரண்டு கம்பளி வில்லைகள் ஒட்டியிருந்தன. நாற்காலிக் காலுக்கு அடியில் ஒட்டுகிற வில்லைகள். மிரான் ஒட்டியவை. இவர்களில் பாதிப் பேருக்கு எழுத்து தெரியாது, மீதிப் பேருக்குக் கண் தெரியாது. அதனால் இடது பொத்தானுக்குக் கீழே வட்ட வில்லை, வலது பொத்தானுக்குக் கீழே முக்கோணமாக வெட்டிய வில்லை. வட்டமா, நல்லா இருக்கீங்க. முள்ளு மாதிரி குத்துதா, உடம்பு சரியில்ல. விரலால் வில்லையைத் தடவி, நேர் மேலே அழுத்தினால் போதும். ஒரே நாளில் கற்றுக்கொண்டார்கள்.

க்வீரே திரையைப் பார்க்கவே இல்லை. மிரானின் முகத்தைப் பார்த்தபடியே வட்டத்தைத் தடவினாள், மேலே அழுத்தினாள். "நன்றி" என்றது இயந்திரம்.

மிரானின் கைபேசியில் சிவப்பு.

அவள் குனிந்து திரையைப் பார்த்தாள். நேற்றுவரை இருந்த அடர்பச்சையும் சிவப்பும் இல்லை. இரண்டு பொத்தான்களும் வெளிறிய நிறத்தில், அழகாக, மூலை மழுங்கி இருந்தன. இடது பக்கத்தில் எழுதியிருந்தது: உடம்பு சரியில்ல. வலது பக்கத்தில்: நல்லா இருக்கேன்.

இடம் மாற்றிவிட்டார்கள்.

முதலில் வந்தது சிரிப்புதான். அப்படியானால் பதினாறு பேருக்கும் ஒன்றுமில்லை. சிப்பி நல்ல சிப்பி. கதவைத் திறந்து தலைவரைக் கூப்பிட்டுச் சொல்லப் போனாள். பாதி வாசலில் கால் நின்றது.

பதினாறு பேரும் வட்டத்தை அழுத்தினார்கள். சிவப்பு வந்தது. அப்படியென்றால் பச்சை வந்தவள் எதை அழுத்தினாள்?

மூன்று முறை.

"டீச்சர், ஏன் மொகம் இப்படிப் போச்சு?" என்றாள் க்வீரே.

மிரான் காருக்கு ஓடினாள். ஓடிக்கொண்டே மல்சுனின் எண்ணை அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எதுவும் கேட்காமல் தலைவர் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். மேட்டுப் பாதையில் போகும்போது அவரே அவசர உதவிக்கு, 119-க்கு அடித்தார். "என்னன்னு தெரியாதுங்க. தெரிஞ்சதும் சொல்றேன். நீங்க கெளம்புங்க, கெளம்புங்க!"

மல்சுன் டிவிக்குக் கீழே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வலது கை மடியில், யாரோ கொண்டுவந்து வைத்த பொருள் மாதிரி கிடந்தது. வாய் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. இடது கை மட்டும் உயர்ந்து, திரையின் சட்டத்தைப் பிடித்திருந்தது. விரல் முக்கோண வில்லையின் மேல்.

"அழு… அழுத்தினேன்" என்றாள் மல்சுன். நாக்கு புரளவில்லை. "மூணு தடவ."

"தெரியும்மா" என்றாள் மிரான். ஏழே முக்காலிலிருந்தே தெரியும்.

"என்ன… இவ்ளோ நேரம்?"

தலைவர் கைபேசியில் கத்திக்கொண்டிருந்தார். "பக்கவாதம்! காலைல ஏழு மணிக்கு! ஆமா, ஏழு! பள்ளிக்கூட மைதானத்துல ஹெலிகாப்டர் எறக்குங்க, நான் பசங்கள வெளியேத்தறேன்!"

பிற்பகல் இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து மல்சுனின் மகன் பேசினான். ரத்தக்கட்டியைக் கரைக்கிற மருந்தை, கொடுக்கக்கூடிய கடைசி நேரத்துக்குள் கொடுத்துவிட்டார்களாம். உயிருக்கு ஆபத்தில்லை. வலது கையைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல முடியாதாம். அவன் கோபப்படவில்லை. மூன்று முறை நன்றி சொன்னான். அதை அவளால் தாங்க முடியவில்லை.

நாளைக்கு மறுபடி ஏழு மணி வரும். மிரான் வீடு வீடாகப் போய் வில்லைகளை உரித்து இடம் மாற்றத் தொடங்கினாள். பதினோராவது வீட்டில் இருக்கும்போது தலைநகரத்திலிருந்து அழைப்பு வந்தது. அந்தத் திரையை வடிவமைக்கிற நிறுவனத்தில் வேலை பார்க்கிற தோக்யோம். குரலைக் கேட்டால் முப்பது வயதுகூட இருக்காது.

"கேள்விப்பட்டேங்க. ரொம்ப… அந்த அம்மா எப்படி இருக்காங்க?"

"உயிரோட இருக்காங்க."

"அதிகமா அழுத்தற பொத்தான் வலது கைக்கு வாட்டமா இருக்கட்டும்னுதான் மாத்தினோம். நாப்பது பேர வெச்சு சோதிச்சுப் பாத்தோம். எல்லாரும் படிச்சுட்டுத்தான் அழுத்தினாங்க. அங்க ஏதோ ஒட்டியிருந்ததா சொல்றாங்க. அது எங்களுக்குத் தெரியவே தெரியாதுங்க. ஜூன் மாசம் எல்லா ஊர்லயும் போட்டோ கேட்டோமே, வீட்ல எப்படி வெச்சிருக்காங்கன்னு…"

"நான்தான் அனுப்பினேன். பதினேழு போட்டோ." மிரான் தரையில் உட்கார்ந்தாள். "வில்லைய எல்லாம் உரிச்சுட்டு எடுத்தேன். எடுத்ததும் திரும்ப ஒட்டினேன்."

"ஏங்க?"

"அரசாங்கப் பொருள் மேல எதையும் ஒட்டக்கூடாதுன்னு விதி."



"மாத்தப் போறோம்னு அறிவிப்பு அனுப்பினோமே" என்றான் மெதுவாக. "திரையிலயும் ரெண்டு வாரமா அறிவிப்புப் பெட்டி காட்டினோம்."

"அறிவிப்பு பதினோரு பக்கம். ஒன்பதாம் பக்கத்துல ஒரு வரி. இப்பத்தான் பாத்தேன். அன்னைக்கு படிக்காமயே 'படித்தேன்'னு அழுத்திட்டேன். பெட்டிய இவங்க எப்படிப் படிப்பாங்க? 'டீச்சர், ஏதோ கட்டம் வந்து மறைக்குது'ன்னாங்க. கீழ அழுத்துங்க, போயிடும்னு நான்தான் சொன்னேன்."

"என் தப்புதாங்க" என்றான் அவன்.

"உங்க தப்பும்தான்."

"சரிங்க. நாங்க முடிவு பண்ணிட்டோம். இன்னைக்கு சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லாத்தையும் பழையபடி மாத்திடறோம்."

மிரான் துள்ளி எழுந்தாள். "மாத்தாதீங்க!"

"என்னங்க?"

"பதினோரு வீட்ல வில்லைய இடம் மாத்திட்டேன்! இப்ப நீங்க மாத்தினா நாளைக்குக் காலைல மறுபடி தலைகீழ்! தொடாதீங்க. நான் சொல்ற வரைக்கும் ஒரு நூல் நகத்தாதீங்க!"

"ஆனா மேல முடிவெடுத்து…"

வீடு வீடாகக் கூடவே வந்துகொண்டிருந்த தலைவர் கைபேசியைப் பிடுங்கினார். "தம்பி, நான் ஊர்த்தலைவர். இந்த ஊர்ல தண்ணி ஒரு மணி நேரம் நிக்கறதுன்னாகூட மூணு நாள் முன்னாடி மைக்ல சொல்லணும். சொல்லாம நிறுத்தினா என் வீட்டு வாசல்ல கெழவிங்க உக்காந்துருவாங்க. உன் வீட்டு வாசல் தூரத்துல இருக்கு, அதான் உனக்குத் தெரியல. மேல இருக்கறவர்கிட்ட போய் சொல்லு. சொல்லிட்டு, ஊருக்கு என்ன சொல்லணும்னு எழுதி அனுப்பு. நான் படிக்கறேன்."

அரை மணி நேரம் கழித்து, பழையபடி மாற்ற மாட்டோம் என்று பதில் வந்தது. கூடவே மண்டபத்து ஃபேக்ஸில் ஒரு அறிவிப்புத் தாள். தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். "பயனாளர் வசதியை மேம்படுத்தும் பொருட்டு, பொத்தான்களின் அமைவிடம் மறுசீரமைக்கப்பட்டுள்ளமையால்…" நிமிர்ந்தார். "இத நான் மைக்ல படிச்சா என்னைப் பைத்தியம்னு ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாங்க."

மிரான் தாளை வாங்கிப் பின்பக்கத்தில் எழுதினாள். மூன்று தடவை அடித்து எழுதினாள். இருட்டத் தொடங்கும்போது ஒலிபெருக்கி பேசியது.

"ஆ… ஆ… தலைவர் பேசறேன். வீட்ல இருக்கற திரைல வட்டமும் முக்கோணமும் இடம் மாறிப்போச்சு. டீச்சர் வந்து வில்லைய மாத்தி ஒட்டுவாங்க. நாளைக்குக் காலைல கைய சும்மா கொண்டுபோகாதீங்க. தடவிப் பாருங்க. வட்டமான்னு பாத்துட்டு அழுத்துங்க. கை பழைய எடத்துக்குத்தான் போகும். கைய நம்பாதீங்க, வில்லைய நம்புங்க. இன்னொரு தடவ சொல்றேன்…"

ஐந்து தடவை சொன்னார். கடைசி வீட்டில் வில்லையை ஒட்டிவிட்டு வெளியே வந்தபோது க்வீரே வழியில் நின்றிருந்தாள். கையில் மூடிபோட்ட டப்பா.

"ஆஸ்பத்திரில கிம்ச்சி குடுக்கலாமா?"

"இப்ப முழுங்க முடியாதும்மா."

"உப்பு பத்தாததுதான். அவ சொன்னது சரிதான்." டப்பாவை மிரானின் கார் சீட்டில் வைத்தாள். "முழுங்க முடியும்போது குடு. திட்டட்டும்." கொஞ்சம் நடந்தவள் திரும்பினாள். "நான் சிரிச்சேன் டீச்சர். அவ மூணு தடவ அழுத்தினான்னு நீ சொன்னப்ப சிரிச்சேன்."

"நானும்தாம்மா."

மறுநாள் காலை மிரான் ஆறரைக்கே கைபேசியை மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏழு மணிக்கு முதல் புள்ளி வந்தது. பச்சை. க்வீரே. பிறகு ஒன்று, இன்னொன்று. மல்சுனின் பெயர் சாம்பல் நிறத்தில் கிடந்தது. ஏழு நாற்பதுக்குள் பதினாறும் வந்துவிட்டன. பதினாறும் பச்சை.

மையத்திலிருந்து அழைத்தார்கள். "எல்லாரும் நல்லா இருக்காங்க, டீச்சர். இன்னைக்காவது நிம்மதியா காப்பி குடிங்க."

"சரி" என்றாள் மிரான்.

பட்டியலை இன்னொரு தடவை மேலிருந்து கீழே பார்த்தாள். பச்சை, பச்சை, பச்சை. பிறகு, வீடு வீடாக நேரில் பார்த்துவிட்டு வர, கார் சாவியை எடுத்தாள்.