நோர்மன் மாஸ்டரின் கேர்னல்

கொக்குவிலில் நோர்மன் மாஸ்டர் நடத்திய கொம்பியூட்டர் நிலையத்தில் கொம்பியூட்டர் ஒன்றுதான் இருந்தது. படிக்க வந்த பிள்ளைகள் அதைத் தொட்டது குறைவு. மட்டையில் விசைகளைக் கீறி ஆளுக்கொன்று கொடுத்து, அதன்மேல் விரல்களை ஓடவிடச் சொல்லியே தவணையில் பாதியைக் கழித்துவிடுவார் மாஸ்டர். மட்டையில் அடிக்கிற எழுத்து எங்கே போகிறது என்று ஒரு பிள்ளை கேட்டபோது, "மூளைக்குப் போகுது" என்றார். அந்தப் பதிலை அவர் பிறகு எத்தனையோ பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டார். அங்கே படிப்பித்த சுகிர்தம் ஒவ்வொரு தடவையும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வாள்.

சுகிர்தம் முன்பு கொழும்பில் ஒரு காப்புறுதிக் கந்தோரில் வேலை பார்த்தவள். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கியவள். அதன்பிறகு பெரிய பேச்சுப் பேசுகிற ஆண்களைக் கண்டால் அவளுக்கு ஒரு இளக்காரம். நோர்மன் மாஸ்டரோ வாயைத் திறந்தாலே பெரிய பேச்சுத்தான். உயர்தரத்துக்குத் தூய கணிதம் படிப்பிப்பதில் குடாநாட்டில் தன்னை வெல்ல ஆளில்லை என்பார். அதில் ஓரளவு உண்மையும் இருந்தது. அந்த உண்மைதான் அவரைக் கெடுத்தது என்பது சுகிர்தத்தின் எண்ணம்.

தொண்ணூற்றைந்து தொடக்கத்தில் சண்டை கொஞ்சம் ஓய்ந்திருந்தபோது, மாஸ்டரின் மச்சான் செபநாயகம் லண்டனிலிருந்து வந்தார். கிளாலிக் கடலில் வள்ளமேறி வந்த மனிதர், சட்டைப் பெட்டிக்குள் பிஸ்கட் பைகளுக்கு நடுவே ஒரு கட்டு டிஸ்குகளைக் கொண்டுவந்திருந்தார். லினக்ஸ் என்ற புதுச் சாமான். கொம்பியூட்டரை இயக்குகிற முழு ஏற்பாடும் அதில் இருக்கிறது, ஆரும் ஆருக்கும் கொடுக்கலாம், உள்ளே எழுதியிருப்பதையும் பார்க்கலாம், மாற்றலாம் என்றார். ஒவ்வொரு டிஸ்காகப் போட்டு ஏற்றித் தந்துவிட்டு, புறப்படுகிற அன்று சுகிர்தத்திடம் சொன்னார்:

"இதின்ரை நடுப்பகுதிக்குக் கேர்னல் எண்டு பேர். இப்ப கிடக்கிறது எல்லா மெசினுக்கும் பொதுவாச் செய்தது, ஊதிப்போய்க் கிடக்கு. உங்கடை மெசினிலை இருக்கிற நினைவகம் அதுக்குக் காணாது. நீங்களே உங்களுக்கு அளவாச் செய்யலாம் பிள்ளை. அது கேள்வி கேக்கும், நீங்கள் ஓம் இல்லை எண்டு சொல்லவேணும். தெரியாட்டில் அது தாற பதிலையே விடுங்கோ. கேள்வியளைப் பற்றின விளக்கமும் உள்ளுக்கை கிடக்கு, முதல் வாசியுங்கோ."

சுகிர்தம் வாசித்தாள். மாஸ்டர் வாசிக்கவில்லை. அவர் அச்சகத்துக்குப் போனார்.

"யாழ் மண்ணில் முதன்முறையாக! சொந்தக் கேர்னல் அறிமுக விழா! அனைவரும் வருக!" என்று சிவப்பு எழுத்தில் நோட்டீஸ் அடித்து, தண்டவாளக் கடவையிலிருந்து கே.கே.எஸ். வீதி வரைக்கும் ஒட்டுவித்தார். கேர்னல் இன்னும் பிறக்கவில்லை. அதற்கான முதற்கேள்விக்குக்கூட அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.

நோட்டீஸ் ஒட்டிய மறுநாள் இரண்டு பேர் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். இயக்கக்காரர் என்பது அவர்கள் சைக்கிளைச் சாத்திய விதத்திலேயே தெரிந்தது. மூத்தவர் நோட்டீஸை மடித்துக் கையில் வைத்திருந்தார்.

"ஆர் இந்தக் கேணல்?" என்றார். "எந்தப் பக்கத்துப் பட்டாளத்து ஆள்? ஆரைக் கேட்டு அறிமுகம் செய்யுறியள்?"

வகுப்பில் கர்ச்சிக்கிற நோர்மன் மாஸ்டரின் குரல் எங்கேயோ ஓடிப்போனது. "அது தம்பி... அது ஆளில்லை... இவ சொல்லுவா" என்று சுகிர்தத்தின் பக்கம் கையைக் காட்டிவிட்டு, மேசையில் இருந்த வெண்கட்டிகளை அடுக்கத் தொடங்கினார்.

சுகிர்தத்துக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். "பட்டாளத்துக் கேணல் இல்லை அண்ணை, கேர்னல். பனங்கொட்டையைப் பிளந்தால் உள்ளுக்கை தின்னுற பூரான் இருக்கெல்லே, அது மாதிரி. கொம்பியூட்டருக்கை இருக்கிற பூரான். அதைத்தான் செய்யப்போறம்."

வந்தவர் நோட்டீஸைத் திரும்ப ஒருமுறை வாசித்தார். "பூரானுக்கோ இவ்வளவு பெரிய நோட்டீஸ்?" என்றார். அவர்கள் போனபிறகு மாஸ்டர் நிமிர்ந்து, "நான் பேசாமல் இருந்தது ஒரு தந்திரம்" என்றார். சுகிர்தம் ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

விழாவுக்கு முந்தின நாள் காலையில் ஜெனரேட்டரை முடுக்கினார்கள். மின்சாரம் இல்லாத, பெற்றோல் அரிதான காலம் அது; பெற்றோலைச் சொட்டாக விட்டுக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடவிடுவது. புகை வகுப்பறை வரை வந்து இருமச்செய்தது. சுகிர்தம் திரைக்கு முன்னால் இருந்தாள். மாஸ்டர் பின்னால் கைகட்டி நின்று, கேள்விகளுக்குத் தீர்ப்புச் சொன்னார்.

அவருடைய முறை எளிது. பெயர் பெரிதாக இருந்தால் ஓம்.

"ஸ்கசி எண்டொரு வகை டிஸ்க் இருக்கோ எண்டு கேக்குது. எங்களிட்டை இல்லை மாஸ்டர்."

"நாளைக்கு வரும். ஓம் போடுங்கோ."

"சீடி வாசிக்கிற பெட்டி?"

"ஓம்."

"சத்தம் போடுற அட்டை? வேறை கொம்பியூட்டரோடை தொடுக்கிற அட்டை? ஒண்டுமில்லையே மாஸ்டர். தொடுக்கிறதுக்கு வேறை கொம்பியூட்டரும் இல்லை."

"ஆசைப்படாமல் முன்னேற ஏலுமோ சுகிர்தம்? ஓம், ஓம், ஓம்."

கந்தோரில் புதிதாக வந்த மேலாளர் தேவையோ இல்லையோ எல்லாக் கடதாசியிலும் கையெழுத்து வைத்தது அவளுக்கு நினைவு வந்தது. மெலியச் செய்யவேண்டிய கேர்னல் மாஸ்டரின் கையில் முன்னதைவிடக் கொழுத்துக்கொண்டிருந்தது.

ஒரேயொரு கேள்விக்குத்தான் மாஸ்டர் முகம் சுளித்தார். தசமக் கணக்குகளைச் செய்ய மெசினுக்குள் தனியாக ஒரு சிலிக்கன் சில்லு உண்டு. அவர்களுடைய மெசினில் அது இல்லை. இல்லாத மெசின்களில் அந்தச் சில்லைப்போல கேர்னலே நடித்து வேலையை முடித்துக் கொடுக்கும். அந்த நடிப்பு வேண்டுமா என்பதுதான் கேள்வி. சுகிர்தம் விளக்கத்தில் அதை இரண்டுமுறை வாசித்திருந்தாள்.

"இதுக்குத்தான் ஓம் போடவேணும் மாஸ்டர். எங்கடை மெசினிலை அந்தச் சில்லு இல்லை."

"என்னது? கணிதத்தைப் போலியாச் செய்யுறதோ?"

"போலியெண்டால்..."

"என்ரை கட்டடத்துக்குள்ளை போலிக் கணிதமோ? ஊரிலை கேட்டால் என்ன சொல்லுவினம்? இல்லை எண்டு போடும்!"

அவள் இன்னொருமுறை சொல்லியிருக்கலாம். வாசித்ததைக் கொண்டுவந்து காட்டியும் இருக்கலாம். ஆனால் மாஸ்டர் நெஞ்சை நிமிர்த்தி நின்ற நிலையைப் பார்த்ததும், இந்த மனிதர் நன்றாக ஒருமுறை விழுந்தால்தான் என்ன என்று தோன்றிவிட்டது. 'இல்லை'யை அமத்தினாள். அமத்தும்போது விரலில் ஒரு சந்தோசம் இருந்ததை அவள் தன்னிடமாவது மறைக்கவில்லை.

பிறகு அந்தப் பதில்களுக்கு ஏற்பக் கேர்னலைத் தொகுக்கிற வேலை தொடங்கியது. திரையில் வரிகள் ஊர்ந்தன. மாஸ்டர் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டினார். எச்சரிக்கை என்று வந்த வரிகளுக்குக் கூடுதலாக ஆட்டினார். மத்தியானம் ஜெனரேட்டர் இருமி நின்றது. திரும்ப முடுக்கி, விட்ட இடத்திலிருந்து தொடங்கி, பொழுதுபடுகிற நேரத்தில் ஒருவழியாக முடிந்தது.

"ஒருக்கா ஏத்திப் பாப்பம்" என்றாள் சுகிர்தம்.

"கலியாணத்துக்கு முதல் பொம்பிளையின்ரை முகத்தைப் பாக்கிறதோ? நாளைக்கு எல்லாருக்கும் முன்னாலைதான்."

சுகிர்தம் பழைய கேர்னலை ஒரு டிஸ்கில் எடுத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை விழாவுக்குச் சனம் நிறையவே வந்தது. சண்டையில்லாத நாட்களில் ஆட்களுக்குப் போக இடம் வேண்டியிருந்தது. பிரதம விருந்தினர் நமசிவாயம், இளைப்பாறிய தபாலதிபர். ஆங்கிலத்தை உரத்து வாசிப்பதில் பேர்போனவர். மாஸ்டர் தமிழனின் அறிவு, எண், வானசாத்திரம் என்று பேசிக்கொண்டே போனார். வெளியே ஜெனரேட்டர் மண்ணெண்ணெயைக் குடித்துக்கொண்டிருந்தது. கடைசியில் இருவருக்கும் மாலை போட்டு, நமசிவாயத்தின் விரலைப் பிடித்து விசையில் வைத்தார்கள்.

வரிகள் ஓடின. கைதட்டினார்கள். பிறகு வரிகள் நின்றன. நின்றது நின்றபடியே இருந்தது.

நமசிவாயம் குனிந்து கடைசி வரிகளை ஆங்கிலத்தில் வாசித்தார். சபைக்கு விளங்கவேண்டுமே என்று தமிழிலும் சொன்னார்: "கணக்குச் செய்யும் சில்லு காணப்படவில்லை. அதற்குப் பதிலாகச் செய்ய ஆளும் இல்லை." கொஞ்சம் இடைவெளி விட்டு, "கைவிடுகிறேன். அப்பிடித்தான் போட்டிருக்கு."

பின்வாங்கில் இருந்த உயர்தரப் பிள்ளைகள்தான் முதலில் சிரித்தார்கள். "நோர்மன் மாஸ்டரின்ரை மெசினுக்குக் கணக்கு வராதாம்!" முன்வரிசையில் இருந்த பெரியவர்கள் இருமுவதுபோல் வாயைப் பொத்தினார்கள்.

மாஸ்டரின் முகம் சாம்பலாகிவிட்டது. "அந்தக் கேள்விக்கு இல்லை எண்டு அமத்தினது இவதான்" என்றார், சுகிர்தத்தைக் காட்டி.

"ஓம், நான்தான் அமத்தினனான்" என்று எழுந்தாள் அவள். "மாஸ்டர் சொல்ல அமத்தினனான். எல்லாத்துக்கும் ஓம் போட்ட மனிசன், வேண்டிய ஒண்டுக்கு மட்டும் இல்லையெண்டவர். எல்லாரும் வெளியிலை போய் வடை சாப்பிடுங்கோ. எனக்கு இங்கை வேலையிருக்கு."

கைப்பையிலிருந்த டிஸ்கைப் போட்டுப் பழைய கேர்னலில் மெசினை எழுப்பினாள். சனம் வடையைத் தின்றுவிட்டு, நல்ல கதையொன்று கிடைத்த திருப்தியோடு கலைந்தது. அவள் முதற்கேள்வியிலிருந்து தொடங்கினாள். ஸ்கசி இல்லை. சீடி இல்லை. சத்தம் இல்லை. இல்லாததையெல்லாம் இல்லை என்று சொல்வதில் இத்தனை சுகம் இருக்குமென்று அவள் நினைத்ததில்லை. கணக்குக்கு மட்டும் ஓம். இம்முறை வரிகள் குறைவு, வேலையும் விரைவு. பின்னேரம் மெசினை எழுப்பினாள். வரிகள் ஓடி நின்றன; பெயர் என்ன என்று மெசின் கேட்டது. அவள் தன் பெயரை அடித்தாள். அவசரத்தில் ஓரெழுத்தை விட்டுவிட்டுத் திரும்ப அடித்தாள். இதற்குப்போயா இப்படி என்று தன்னையே கடிந்துகொண்டாள்.

மாஸ்டர் வாசலில் நின்றது அப்போதுதான் கண்ணில் பட்டது. மாலையை எங்கேயோ கழற்றியிருந்தார். கதிரையை இழுத்துப் பக்கத்தில் இருந்தார்.

"அந்தப் போலிக் கணிதம்," என்றார் மெதுவாக, "அது உண்மையிலை எப்பிடிச் செய்யுது?"

தெரியாத ஒன்றை அவர் யாரிடமும் கேட்டு அவள் கண்டதில்லை. குத்தலாக எதையாவது சொல்ல வாயெடுத்தாள். அவருடைய கண்ணைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். கேர்னல் எழுதப்பட்டிருக்கிற மூலத்தில் அந்தப் பகுதியைத் திறந்து காட்டினாள். அவளுக்கு விளங்கியது பாதிதான். மாஸ்டர் விரலால் திரையைத் தொட்டுத் தொட்டு வாசித்தார்.

"பாரும், இதை எழுதினவன் சைன் பெறுமானத்தைத் தொடராக்கிக் கூட்டுறான்... வேண்டிய உறுப்பளவோடை நிப்பாட்டுறான்... அட, வடிவாச் செய்திருக்கிறான்! இது போலியில்லை சுகிர்தம். சில்லுச் செய்யிறதைத்தான் இவன் கையாலை செய்யுறான்."

அவளுக்கு அந்தக் கணக்கு விளங்கவில்லை. அவர் ஒரு கடதாசியில் போட்டுக் காட்டினார், நன்றாகவே காட்டினார். மண்ணெண்ணெய் முடிந்து திரை கறுக்கும்வரை இருவரும் அங்கேயே இருந்தார்கள். கொஞ்சநேரம் அவள் அந்த மனிதரை இளக்காரம் செய்ய மறந்துபோனாள்.

மறுநாள் காலை அவள் வந்தபோது மாஸ்டர் வகுப்பில் நின்று முழங்கிக்கொண்டிருந்தார்.

"நேற்று நடந்ததைப் பிழையெண்டு நினைச்சியளோ? அது செய்முறை விளக்கம்! கணிதம் இல்லாட்டில் உலகம் நிண்டுபோகும் எண்டு காட்டத்தான் நான் வேணுமெண்டே இல்லையெண்டு போடுவிச்சனான்!"

சுகிர்தம் கைப்பையை மேசையில் வைத்தாள்.

"அடுத்தமுறை வேணுமெண்டு பிழை விடேக்கை, மாஸ்டர், எனக்கும் ஒருக்கா முன்கூட்டியே சொல்லுங்கோ. நானும் ஒரு மாலை வாங்கிக்கொண்டு வாறன்."

பிள்ளைகள் மட்டைகளைத் தட்டிச் சிரித்தார்கள். மாஸ்டரும் சிரித்தார், கொஞ்சம் பிந்தி. சுகிர்தம் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஜெனரேட்டர் ஓடத் தொடங்குவதற்குள், வாசிக்காமல் விட்ட மிச்ச விளக்கங்களில் இன்று எதை முதலில் திறப்பது என்று யோசிக்க அவளுக்கு நேரம் இருந்தது.