முத்துத்தாய் வீட்டு விருந்தாளி

1931-ஆம் வருஷப் பங்குனியில் ஊரெல்லாம் அம்மை போட்டுவிட்டுத் திரும்பிய மாரியாத்தா, திருப்பரங்குன்றம் கண்மாய்க்கரைக் குடியிருப்பில் முத்துத்தாய் வீட்டை விட்டு மட்டும் போகவில்லை. அடுப்புக்குப் பக்கத்து மூலையில் தங்கிவிட்டாள். கண்ணுக்குத் தெரியமாட்டாள், அவ்வளவுதான். மற்றபடி அவள் உட்கார்ந்த பாய் குழிந்திருக்கும், வைத்த கூழ் குறையும், அந்த மூலைச் சுவர் அடைமழையிலும் சுடும். ஐப்பசியில் தெருப் பெண்கள் ஈரத்துணியைக் கொண்டுவந்து அங்கே காயப்போடுவார்கள். ஒருமுறை நனைந்த நெல்லையும் கொண்டுவந்து பரப்பினார்கள். அது கொஞ்சம் அதிகம்தான், ஆனாலும் ஆத்தா ஒன்றும் சொல்லவில்லை.

அந்தப் பங்குனியில் முத்துத்தாய்க்கும் மருதுவுக்கும் இருந்த மூன்று பிள்ளைகளில் இரண்டு போயிற்று. இரண்டும் ஆண். அண்ணன்மாரோடு ஒரே பாயில் கிடந்த கைக்குழந்தை தங்கப்பொண்ணுக்கு மட்டும் ஒரு முத்துக்கூடப் போடவில்லை. மருது பேயறைந்தவன் போல வயல்வேலைக்குப் போய்வந்தான். முத்துத்தாய் மாரில் அடித்துக்கொண்டு அழுதாள்; அப்புறம் விட்டுவைத்ததை நினைத்துக் கும்பிட்டாள். கும்பிடாமல் என்ன செய்வாள், பாவம்? அதைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தே நடமாடினாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் கடுகு தாளிப்பதில்லை. கூழோ கஞ்சியோ, தேருக்குப் போய் வாங்கிவந்த பொரிகடலையோ, எதுவானாலும் மூலைக்கு வைத்த பிறகுதான் பிள்ளை வாய்க்குப் போகும்.

1938-இல் இரண்டு ஊர் தள்ளி மறுபடியும் அம்மை வந்துவிட்டது. அம்மை வராமல் தடுக்க அம்மைப்பால் குத்துகிற நூருல் அமீன் மதுரைப் பட்டணத்திலிருந்து சைக்கிளில் பெட்டியோடு வந்து சேர்ந்தார். தங்கமான மனுஷன், கோபம் மட்டும் மூக்கு நுனியில் இருக்கும். அவர் தெருவுக்குள் நுழைந்ததுமே முத்துத்தாய் தங்கப்பொண்ணை நெல் கொட்டிவைக்கிற குதிருக்குள் இறக்கி மூடிவிட்டாள். மூலைச் சூட்டைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்த நூருல் அமீன், முதல் வேலையாகக் காய்ச்சல் பார்க்கிற கண்ணாடிக் குழாயைச் சுவரில் வைத்துப் பார்த்தார். குழாய் சூடே இல்லை என்றது. சுவரைத் தொட்ட உள்ளங்கையோ கொப்பளித்துப்போனது. அவர் குழாயைத்தான் நம்பினார். கையில் எண்ணெயைத் தடவிக்கொண்டே, “சொவத்துல சூடே இல்லம்மா” என்று சொன்ன மனுஷனை என்னவென்று சொல்வது!

“குத்திக்கிட்ட ஊருல ஒரு பிள்ளைக்குக்கூட அம்மை போடல. கண்ணால பாத்துட்டு வாரேன். நான் என்ன பொய்யா சொல்றேன்?” என்று சத்தம் போட்டார்.

“நீங்க பொய் சொல்றீகன்னு நான் எப்பண்ணே சொன்னேன்? நெசந்தான்.”

“நெசம்னா பிள்ளைய வெளிய எடு!”

“ஆத்தா ரெண்டை எடுத்துக்கிட்டு ஒண்ணைக் குடுத்திருக்காண்ணே. இதை அவ குடுக்கலேன்னு ஆயிட்டா, அந்த ரெண்டும் சும்மாவா செத்துச்சு? எங்கூட உக்காந்து கூழு குடிக்கிறவளுக்கு நான் எப்பிடிண்ணே கதவச் சாத்துவேன்?”

நூருல் அமீன் பெட்டியில் இதற்கு மருந்து இல்லை. அந்நேரம் குதிருக்குள்ளிருந்து, “எம்மா, பசிக்குது” என்று பிள்ளை கத்தியது. முத்துத்தாய் கூழைக் கரைத்து முதலில் மூலைக்கு வைத்தாள், பிறகு குதிருக்குள் நீட்டினாள். அதைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“எதுன்னாலும் மொதல்ல அவகளுக்குத்தானா?”

“ஆமாண்ணே.”

“அப்ப இதையும் மொதல்ல அவகளுக்கே குத்துறேன். போதுமா?”

கோபத்தில் சொன்னதுதான். ஆனால் முத்துத்தாய் யோசித்துப் பார்த்து, “அவ கைய நீட்டுனான்னா எம்புள்ளையும் நீட்டும்” என்று சொல்லிவிட்டாள். தொலையட்டும் என்று நூருல் அமீன் பாய்க்கு முன்னால் மண்டியிட்டார். அம்மைப்பாலைத் தொட்டுக் குத்தூசியை வெறும் காற்றில் நீட்டினார். ஊசி தோலில் பட்டது. தடவிப் பார்த்தார். பெண்பிள்ளையின் மேற்கைதான், தழும்பு மேல் தழும்பாக இருந்தது. ஊசியைத் திருகும்போது எல்லோரையும் போல அந்தக் கையும் லேசாக வெடுக்கென்று இழுத்தது. “அம்புட்டுத்தாம்மா, முடிஞ்சிருச்சு” என்று பழக்கதோஷத்தில் சொன்னார். அப்புறம் தங்கப்பொண்ணு குதிரிலிருந்து வந்து கையை நீட்டி, தெருவே கேட்க அழுதது.

ஒரு வாரம் கழித்துப் பார்க்க வந்தார். பிள்ளையின் கையில் குத்தின இடத்தில் கொப்புளம் நன்றாக எழும்பியிருந்தது. முத்துத்தாய் விடாததால் மூலையிலும் தடவிப் பார்த்தார். அங்கேயும் எழும்பியிருந்தது.

அந்த வருஷம் அம்மை கண்மாயின் அக்கரை வரைக்கும் வந்து அப்படியே திரும்பிப்போனது. அம்மைப்பால் தடுத்தது என்றார் நூருல் அமீன். ஆத்தாளுக்கே குத்தியாச்சு, பிறகு எப்படி வருவாள் என்றாள் முத்துத்தாய். உலகச் சண்டை வந்து அரிசிக்கு வரிசையில் நின்றபோதும் இரண்டு பேரும் சொன்னதை விடவில்லை. வருஷம் தவறாமல் அவர் வருவார். வளர்ந்து நிற்கிற தங்கப்பொண்ணைப் பார்த்து அவர் முகம் மலர்ந்துபோகும். முத்துத்தாய் மூலையைப் பார்த்துக் கைகூப்புவாள், பிறகு அவரைப் பார்த்துக் கைகூப்புவாள்.

“அடடா, என்னையக் கும்பிடாதம்மா, அல்லாவுக்கு ஆகாது!”

“கும்பிடலண்ணே. எம்புள்ளையப் பொழைக்க வச்சுக் குடுத்தீக. நன்றிய எனக்கு வேற மாதிரி சொல்லத் தெரியல.”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கூழ் குடிக்க உட்காருவார். அந்த மூலையில் யாருமே இல்லை என்று அன்றைக்கும் ஒருதரம் சொல்வார். சொல்லிக்கொண்டே, காலை மடக்கி, ஆத்தா நீட்டி உட்கார இடம் விடுவார்.