கடுவன் வீட்டுச் சம்பந்தம்

ஆனி மாதம், சாரல் பிடித்த மறுவாரம், சங்கரபாண்டி மீசையை எடுத்துவிட்டார்.

நாவிதர் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். "யாரு அண்ணாச்சி தவறிட்டாவ?" என்றார். அப்பன் ஆத்தாள் செத்தால்தான் ஊரில் மீசையை எடுப்பார்கள். சங்கரபாண்டிக்கு இருவரும் போய் இருபது வருஷம் ஆகிறது.

"ஒருத்தரும் தவறல. பேசாம எடும்."

வீட்டில் சொக்கம்மாள் புருஷன் முகத்தைப் பார்த்ததும் கையிலிருந்த செம்பைக் கீழே போட்டாள். "நாளைக்குப் பொண்ணு பாக்க வாராவ. இன்னைக்குப் போயி இப்படி மூளியா வந்து நிக்கீங்களே!"

"அதுக்குத்தாம்ட்டி எடுத்தேன்" என்றார் அவர்.

விஷயம் இதுதான். சங்கரபாண்டி இலஞ்சிக்கும் ஐந்தருவிக்கும் நடுவில் பலாத்தோப்புக் குத்தகை பார்க்கிறவர். பக்கத்துப் பண்ணை வீட்டில் பால்வண்ணநாதன் என்று ஒருவர் இருந்தார். குழந்தைகளுக்குக் கதை எழுதுகிறவர். பலாப்பழம் திருட வருகிற பையன்களைச் சங்கரபாண்டி விரட்டும்போதெல்லாம் அந்த மனுஷர் வேலியோரம் நின்று சிரித்துக்கொண்டே கேட்பார். இவருக்கு அப்போதே சந்தேகம்தான். ரெண்டாம் கிளாசோடு பள்ளிக்கூடத்தை விட்ட சங்கரபாண்டி, எழுதப் படிக்கத் தெரிந்த எவனையும் நம்புவதில்லை. ஒருவன் பேனாவை எடுத்தான் என்றால் யார் காலையோ வாரப்போகிறான் என்று அர்த்தம்.

அப்படியே ஆயிற்று. 'மீசைக் கடுவன்' என்று ஒரு கதை வந்தது. பலாமரத்துக்குக் காவல் இருக்கிற கிழட்டுக் குரங்கு. முறுக்கு மீசை, சிவப்புத் தலைப்பாகை, கையில் கம்பு. சங்கரபாண்டி பையன்களைப் பார்த்துக் கத்துகிற கத்தலை ஒரு எழுத்து விடாமல் குரங்கின் வாயில் வைத்துவிட்டார் மனுஷர். அதிலிருந்து தென்காசிச் சந்தைக்குப் போனால்கூட, "கடுவன் மாமா!" என்று ஏதாவது ஒரு பொடிசு கூப்பிட்டுவிட்டு ஓடும். வீட்டில் யாரும் அந்தக் கதையைப் படிக்கக்கூடாது என்று சட்டம் போட்டார். கடைக்குட்டி இராமலட்சுமி மட்டும் அடுப்படிக்குள் ஒளித்துவைத்துப் படித்தாள். அது அவருக்குத் தெரியாது.

பால்வண்ணநாதன் காலமான பிறகு வீடு பாழாய்க் கிடந்தது. அந்தக் கதைகளைப் படித்து வளர்ந்து உத்தியோகத்துக்குப் போனவர்கள் கூடி, ஓடு மாற்றி, சுண்ணாம்பு அடித்து, போன சித்திரையில் நினைவில்லமாகத் திறந்துவைத்தார்கள். கூடத்துச் சுவர் பூராவும் கதைப் படங்கள். வாசலுக்கு நேரே யார் இருப்பார்? கடுவன்தான்.

இராமலட்சுமிக்கு மாப்பிள்ளை பார்த்த தரகர் அய்யாக்குட்டி, பெண் பார்க்க அந்த இடத்தையே பிடித்தார். "வீட்டுல வச்சுப் பாத்துட்டுப் பிடிக்கலைன்னா ரெண்டு பக்கமும் சங்கடம் அண்ணாச்சி. பொது இடம்னா ஒண்ணுமில்ல. ராயகிரியிலேர்ந்து அருவிக்குக் குளிக்க வாராவ, அப்படியே எதேச்சையாப் பாத்த மாதிரி இருக்கும்."

'என் தலையெழுத்து' என்று நினைத்துக்கொண்டார் சங்கரபாண்டி. பையன் வாத்தியார். நல்ல இடம். பெண்ணுக்கு அப்பன் ஒரு குரங்கு என்று தெரிந்தால் எவன் கட்டுவான்? அதனால்தான் மீசை போயிற்று. தலைப்பாகையையும் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் அவரைப் பார்த்ததும் அய்யாக்குட்டிக்கு முகம் வெளுத்துவிட்டது. வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள்.

மாப்பிள்ளையின் தாயார் அகிலாண்டேஸ்வரி. அருவியில் குளித்த ஈரத்தலையும், வெண்கல மணி மாதிரிக் குரலுமாக நுழைந்தாள். சங்கரபாண்டி சட்டென்று கடுவன் படத்துக்கு முன்னால் போய், முதுகால் அதை மறைத்து நின்றுகொண்டார். அந்த அம்மாள் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள். இவர் இந்தப் பக்கம் சாய்ந்தார். அந்தப் பக்கம் எட்டினாள். இவரும் அந்தப் பக்கம்.

"செத்த தள்ளி நில்லுங்க அண்ணாச்சி. படத்தைப் பாக்கத்தானே வந்திருக்கோம்."

"குரங்குப் படம்தாம்மா. அதுல என்ன இருக்கு?"

"அதுலதான் எல்லாம் இருக்கு. ஆமா, பொண்ணோட அப்பா எங்க?"

அய்யாக்குட்டி சங்கரபாண்டியைக் கைகாட்டினார். "இந்தா, அண்ணாச்சிதான்."

அகிலாண்டேஸ்வரி சங்கரபாண்டியை மேலும் கீழும் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். பிறகு தரகர் பக்கம் திரும்பினாள். "என்னவே, வெளையாடுதீரா? மீசைக் கடுவனோட மகள்னு சொல்லித்தானே எங்களைக் கூட்டியாந்தீரு? எம் புள்ளைக மூணு பேருக்கும் அந்தக் கதையைச் சொல்லித்தான் சோறு ஊட்டினேன். இது யாரு, மொழுக்குன்னு?"

சங்கரபாண்டிக்குக் காதில் விழுந்தது மண்டைக்குள் ஏறக் கொஞ்சம் நேரம் பிடித்தது. இந்தப் படுபாவி அய்யாக்குட்டி குரங்கைச் சொல்லியா சம்பந்தம் பேசியிருக்கிறான்?

"அவியதான் இவிய. மீசையைத்தான் எடுத்துட்டாவ" என்றார் அய்யாக்குட்டி.

"மீசையை எடுத்தாவளா? அப்பம் வீட்டுல துக்கமா?"

"துக்கமுமில்ல ஒரு மண்ணுமில்ல" என்றார் சங்கரபாண்டி.

"பெறவு ஏன் எடுத்தீக?"

நான்தான் அந்தக் குரங்கு, அது தெரியக்கூடாது என்றுதான் எடுத்தேன் என்று எப்படிச் சொல்வது? பெண்ணைப் பெற்றவன் வாயிலிருந்து வருகிற பேச்சா அது? சொக்கம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இராமலட்சுமி மாப்பிள்ளையை ஒரு தடவை பார்த்தாள். அவனும் பார்த்தான். இரண்டு பேருக்கும் சம்மதம்தான் என்று பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். யாரும் பார்க்கவில்லை.

"ஒண்ணு, தீட்டை மறைக்குதீக. இல்லைன்னா ஆளை மாத்துதீக" என்றாள் அகிலாண்டேஸ்வரி. "வா தம்பி, பஸ்ஸைப் பிடிப்போம்."

அப்போது ஜன்னலுக்கு வெளியே சரசரவென்று சத்தம் கேட்டது. தென்காசியிலிருந்து இந்த வீட்டைச் சுற்றிப் பார்க்க வந்திருந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் கொல்லைப்புறம் நின்றார்கள். சங்கரபாண்டி தோப்பு மரத்தின் கிளை ஒன்று மதில் தாண்டி இந்தப் பக்கம் சாய்ந்திருந்தது. மதில்மேல் ஏறிய ஒருவன் பழத்தைக் கட்டிப்பிடித்துத் திருகிக்கொண்டிருந்தான். அதுவும் பாதி விளைந்த பழம்!

சங்கரபாண்டிக்குப் பெண், சம்பந்தம், மீசை எல்லாம் மறந்துபோயிற்று.

"எவம்லே அது எம் மரத்துல! எறங்குதியா, வாலை ஒட்ட அறுக்கவாலே!"

புது ஓடு அதிர்ந்தது. பிறகு வெளியிலிருந்து அத்தனை பிள்ளைகளும் ஒரே குரலில், கதையில் இருக்கிறபடியே திருப்பிக் கத்தினார்கள்:

"வாலு ஒமக்குத்தான் கடுவன் மாமா! எங்களுக்கு இல்லையே!"

சிரித்துச் சிரித்து அகிலாண்டேஸ்வரிக்குப் புரையேறிவிட்டது. தலையில் தட்டிக்கொண்டே, "அவரேதான்! சத்தியமா அவரேதான்!" என்றாள்.

"குரங்குதானம்மா அது" என்றார் சங்கரபாண்டி, தரையைப் பார்த்துக்கொண்டு.

"நல்ல குரங்கு! பகலெல்லாம் விரட்டும், பொழுதடைஞ்சா வேலியில ஒரு பழத்தை வச்சுட்டுப் போகும். கடைசியில அப்படித்தானே வருது?"

கடைசி அவருக்குத் தெரியாது. அதுவரைக்கும் எவனையும் படிக்க விட்டால்தானே. "வெடிச்ச பழம். வெலைக்குப் போவாது. அதான் வச்சேன்" என்றார்.

"இருக்கட்டும். பொண்ணை எங்களுக்குப் பிடிச்சுப்போச்சு. ஆடி கழியட்டும், ஆவணியில முடிச்சிருவோம். ஆனா ஒண்ணு, மாமனார் மீசையோடதான் மணமேடைக்கு வரணும்."

அவர் முதல்முறையாகத் திரும்பி அந்தப் படத்தை நன்றாகப் பார்த்தார். மீசையைச் சரியாகத்தான் போட்டிருந்தார்கள். வால்தான் ரொம்ப நீளம். வெறும் மேலுதட்டைத் தடவிக்கொண்டார்.

"ஆவணிக்குள்ள வளந்துருமா அண்ணாச்சி?" என்றார் அய்யாக்குட்டி.

"எதுக்கும் கடைசி முகூர்த்தமாப் பாரும்வே. மீசையைக்கூட நம்ப முடியாது."