எண்ணாமல் எழுதிய பதினாறு

அமெரிக்காவில், மில்வாக்கி நகரத்தில் ட்ரூடி ஹால்வர்சன் பெயரைச் சொன்னால் சாப்பாட்டுக் கடைக்காரர்கள் பாதிப் பேர் துடைப்பத்தைத் தேடுவார்கள். பதினெட்டு வருஷம் உணவுச் சோதனை அதிகாரியாக இருந்தவள். சமையலறைக்குள் நுழைந்ததும் முதல் வேலை, ஃபிரிட்ஜ் கதவில் தொங்கும் வெப்பநிலைத் தாளைப் பார்ப்பது. கட்டத்துக்குக் கட்டம் ஒரே எண் இருந்தால் போச்சு. எவனும் திறந்து பார்க்கவில்லை, உட்கார்ந்த இடத்தில் எழுதியிருக்கிறான் என்று அர்த்தம்.

அப்பேர்ப்பட்டவளுக்கு நாற்பத்து நான்கு வயதில் நர்ஸ் ஆகும் ஆசை வந்தது. ஏற்கெனவே ஒரு பட்டம் வைத்திருப்பவர்களுக்குப் பதினைந்தே மாதத்தில் நர்ஸ் பட்டம் தரும் படிப்பு. மற்றவர்கள் நாலு வருஷம் மென்று தின்பதை இவர்கள் ஒரே வாயில் விழுங்க வேண்டும். ட்ரூடி வேலையை விட்டாள், வீட்டில் எல்லோரிடமும் சவால் விட்டாள், வந்து சேர்ந்தாள். வகுப்பில் அவளுடைய அலட்டல் தாங்காது. "நான் எழுதின எண்ணை யாரும் திரும்பச் சரிபார்க்க வேணாம்பா" என்பாள். ஏழு மாதம் அது உண்மையாகவும் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

அன்று வெள்ளிக்கிழமை. காலையில் வார்டு, மதியம் மருந்தியல் பரீட்சை. விடிய விடியப் படித்த கண்ணோடு அவள் நோயாளி அறைக்குள் நுழைந்தால், கட்டிலில் சாப்பாட்டுக் கடை நார்பர்ட். இரண்டு நாள் முன்பு இடுப்பு மூட்டு மாற்றியிருந்தார்கள்.

"அட... இன்ஸ்பெக்டரம்மா! இங்கேயும்... ஃபிரிட்ஜைத் திறக்க வந்துட்டீங்களா?"

ஆறு வருஷத்துக்கு முன், கிறிஸ்தவர்கள் இறைச்சி தொடாத தவக்கால வெள்ளிக்கிழமை, ஊரே வறுத்த மீனுக்கு வரிசையில் நிற்கும் நேரத்தில் அவருடைய கடையை மூடியவள் இவள்தான். ஃபிரிட்ஜ் தாளில் ஒரு மாதம் முழுக்க முப்பத்தெட்டு டிகிரி ஃபாரன்ஹீட், முப்பத்தெட்டு டிகிரி ஃபாரன்ஹீட். "பால் டப்பாவைத் தொட்டாலே தெரியுதே மேடம், சில்லுன்னுதான் இருக்கு" என்று அந்த மனுஷன் கெஞ்சினார். "தொட்டா தெரியாது. பார்த்து எழுதணும்" என்று சொல்லிவிட்டுச் சிவப்பு நோட்டீஸை ஒட்டினாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி ஆர்டிஸ் சிரிக்கவில்லை. "மூணு நாள் மூடி வச்சவ" என்றாள்.

"விடு ஆர்டிஸ். அவங்க செஞ்சது... சரிதான். அப்புறம் நான்... ஒழுங்கா எழுதினேன்ல?"

ட்ரூடிக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. இரத்த அழுத்தம், நாடி, காய்ச்சல் எல்லாவற்றையும் இயந்திரமே சொல்லிவிட்டது. நாடி கொஞ்சம் அதிகம்; வலியாக இருக்கும் என்று நினைத்தாள். மூச்சை மட்டும் இயந்திரம் எண்ணாது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிஷம் முழுசாக எண்ண வேண்டும். அதற்கு யாருக்கு நேரம்? வாய் ஓயாமல் பேசுகிற ஆளுக்குச் சாதாரண அளவான பதினாறைப் போட்டுவிட்டு நகர்வதுதான் அந்த வார்டில் வழக்கம். பேச்சுக்கு நடுவே அவர் விட்ட இடைவெளியை, ஜோக் சொல்கிறவன் வேண்டுமென்றே விடும் இடைவெளி என்று எடுத்துக்கொண்டாள் புத்திசாலி.

பதினாறு என்று எழுதினாள். அடுத்த கட்டில்காரருக்கும் பதினாறு.

ஒரு மணி நேரம் கழித்து நார்பர்ட்டின் உதடு நீலம் பூத்தது. பேராசிரியை ஒகாஃபர் ஓடிவந்து எண்ணினார். முப்பத்திரண்டு. ஆக்ஸிஜன் மாட்டினார்கள். நுரையீரலில் இரத்தக் கட்டி போய் அடைத்திருக்குமோ என்று டாக்டர் ஸ்கேனுக்குச் சொன்னார்.

ஒகாஃபர் குறிப்பைப் பார்த்தார். "பதினாறுன்னு இருக்கு. ட்ரூடி, நீங்க எண்ணினீங்களா?"

ஆமாம் என்று சொன்னால் முடிந்தது. ஒரு மணி நேரத்தில் மூச்சு மாறக்கூடியதுதான், யாராலும் நிரூபிக்க முடியாது. இல்லை என்றால் படிப்பு போயிற்று. பொய்க் குறிப்பு எழுதினால் வெளியேற்றம் என்று முதல் நாளே கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.

அவள் வாயைத் திறப்பதற்குள் ஆர்டிஸ் முந்திக்கொண்டாள். "என்ன கேள்வி இது? எனக்கு இவளைக் கண்டா ஆகாது. ஆனா பார்க்காம எழுதற ஜாதி இல்லை இவ. அதுக்காகத்தானே எங்க கடையையே மூடினா!"

முகமூடிக்குள்ளிருந்து நார்பர்ட்டும் ஆமாம் என்று தலையாட்டினார்.

அந்தத் தலையாட்டல்தான் தாங்கவில்லை. திட்டியிருந்தால்கூடப் பொய் சொல்லித் தப்பித்திருப்பாள்.

"எண்ணலை" என்றாள்.

"என்னது?" ஆர்டிஸ் எழுந்துவிட்டாள். "அப்புறம் எப்படிடீ எழுதினே?"

"நல்லாத்தான் பேசிட்டிருந்தார். பார்த்தாலே தெரியுதேன்னு..."

சொல்லும்போதே அந்தச் சமையலறையும் பால் டப்பாவும் கெஞ்சிய முகமும் முன்னால் வந்து நின்றன. ட்ரூடிக்குக் காது மடல்வரை கொதித்தது. பூமி பிளந்து உள்ளே போனால் தேவலை என்றிருந்தது. காலையிலிருந்து கேலி பேசிய நார்பர்ட் இப்போது ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அடையாள அட்டையைக் கழட்டுங்க" என்றார் ஒகாஃபர். குரலை உயர்த்தவில்லை. "திங்கட்கிழமை குழு கூடி முடிவு பண்ணும். ஸ்கேனுக்கு அழைச்சிட்டுப் போற வரைக்கும், வந்து எண்ணுங்க."

அட்டையைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, அந்த நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிஷம் முழுசாக எண்ணினாள். கண்ணில் நீர் முட்டியும் இமைக்கவில்லை.

"முப்பது" என்றாள்.

ஒகாஃபர் அதை எழுதவில்லை. தன் கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு, ஒன்றிலிருந்து தானே எண்ண ஆரம்பித்தார்.