வாரண்டி விரதம்

கல்யாண வீடியோ எடிட் செய்யத்தான் கோபிநாத் அந்த லேப்டாப்பை வாங்கினான். ஆனால் வாங்கிய நாளிலிருந்து அவன் கண்ணும் கருத்துமாகக் காத்துவந்தது அதன் மூன்று வருட வாரண்டியை. மூடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூட உரிக்க மனம் வரவில்லை.

ஆவணியில் தங்கை இளமதியின் கல்யாணம் வந்தது. வேறு ஆள் கையில் கேமராவைக் கொடுக்க நம்பிக்கை இல்லாமல், பெண்ணின் அண்ணனே மேடையைச் சுற்றிச் சுற்றிப் படம் பிடித்தான். அந்தப் படம் ஏறியதும் லேப்டாப்பில் எள் விழ இடமில்லை. கேமரா கார்டுகளையும் அடுத்த முகூர்த்தத்துக்காக அழித்துவிட்டான்.

கீரமங்கலம் கடைவீதியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் உதயசூரியன், அடிமூடியைக் கழற்றினால் இன்னொரு டிரைவ் போட உள்ளே காலி இடம் இருக்கிறது, போட்டு எல்லாவற்றுக்கும் ஒரு பிரதி எடுத்து வை என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டான். கோபிநாத் காதைப் பொத்தாத குறைதான். ஸ்குரூ ஒன்று அசைந்தாலும் வாரண்டி ஓடிப்போகும் என்றான். பெற்ற பிள்ளையை அறுவை சிகிச்சைக்குக் கேட்டதுபோல் லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு வீடு திரும்பினான்.

ஆயுத பூசை வந்தது. லேப்டாப்பைக் கவிழ்த்து வைத்து, பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனத்தால் ஒவ்வொரு ஸ்குரூவுக்கும் பொட்டு வைத்தான். மிச்சத்தை வீணாக்காமல் காற்று போகும் துவாரங்களில் பட்டையாக இழுத்தான். தீபாராதனை முடிந்து சுவிட்சை அழுத்தியதும் புகை வந்தது. சாம்பிராணி என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள்.

புதுக்கோட்டை சர்வீஸ் சென்டரில் வைஷ்ணவி என்ற பெண் மூடியைத் திறந்து பார்த்தாள். போர்டோடு சேர்ந்து டிரைவும் போய்விட்டது, உள்ளே இருந்த எதையும் மீட்க வழியில்லை என்றாள். டிரைவ் போடக்கூட மூடியைக் கழற்றவில்லை என்று சொல்லி அவன் வாரண்டி அட்டையை நீட்டினான்.

"டிரைவ் போடக் கழட்டுனா வாரண்டி போகாதுங்க. அதுக்குத்தான் கம்பெனியே எடம் விட்டுருக்கு. சந்தனம் உள்ள போனா, அது போயிருங்க."

பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே இளமதிக்குப் போன் போட்டு, ஒளிக்காமல் சொல்லிவிட்டான். அவள் பொன்னமராவதியில் மாமியார் வீட்டில் இருந்தாள். புருசன் துபாய்க்குப் போய்விட்டான். கல்யாணப் படம் எப்போது வரும் என்றுதான் தினமும் கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு வார்த்தை திட்டினால் தேவலை என்று அவனுக்கு இருந்தது. அவள் திட்டவில்லை.

"தாலி கட்டறப்ப நான் குனிஞ்சே இருந்தேன்ண்ணே. அவரு மொகத்தைப் படத்துல பாத்துக்கலாம்னு இருந்தேன். நீ எதிர்க்கத்தான நின்ன? எப்படி இருந்துச்சு?"

கோபிநாத் யோசித்துப் பார்த்தான். கேமராத் திரையின் மூலையில் பேட்டரி சிவப்பாக மினுக்கியதுதான் ஞாபகம் வந்தது. மாப்பிள்ளையின் முகம் வரவே இல்லை.

"நல்லா சிரிச்ச மொகமா இருந்துச்சு ஆத்தா" என்றான்.

அவள் அதை நம்பினாள். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.