காட்சி சாரும் ஒருவகை மேடமும்

எங்கள் தத்துவத் துறையில் இரண்டு பேராசிரியர்கள் எதிரெதிர் மேசையில் உட்கார்ந்துகொண்டு பதினொரு வருடமாக என் உயிரை வாங்குகிறார்கள். நான் துறையின் எழுத்தர். கடிதம் அடிப்பதும் கோப்பு அனுப்புவதும் என் வேலை. இவர்களுக்குக் கல்யாணம் பண்ணிவைப்பது அதில் சேர்த்தி இல்லை.

சார் உலகாயதம் நடத்துகிறார். கண்ணால் கண்டதுதான் சான்று. புகையைப் பார்த்து நெருப்பு இருக்கும் என்று ஊகிக்காதே, அடுத்தவர் சொன்னார் என்றும் நம்பாதே என்பது அந்தக் கட்சி. மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் காட்சி. மேடம் சமணம் நடத்துகிறார். எந்தப் பொருளுக்கும் பல பக்கம் உண்டு, ஒரு பக்கத்தை மட்டும் சொன்னால் அரைகுறை. ஆகவே 'ஒருவகையில் உண்டு, ஒருவகையில் இல்லை, ஒருவகையில் சொல்லவே முடியாது' என்று ஏழு விதமாகச் சொல்லிப் பார்க்க வேண்டுமாம். அவர் பெயர் ஒருவகை. ஐம்பதை நெருங்கும் இந்த இரண்டும் இதையெல்லாம் பாடத்தோடு நிறுத்திக்கொண்டால் பரவாயில்லை. வாழ்க்கையையும் அப்படியே நடத்துகிறார்கள்.

மேடத்துக்கு வேறு ஊர்க் கல்லூரியில் துறைத் தலைவர் பதவி வந்தது. படிவத்தில் 'ஏற்கிறேன், ஏற்கவில்லை' இரண்டில் வேண்டாததை அடித்துவிட்டு இன்று நாலு மணிக்குள் கொடுக்க வேண்டும். மூன்று மணிக்கு முதல்வர் அறையிலிருந்து அந்தப் படிவம் என்னிடம் திரும்பி வந்தது. மேடம் எதையும் அடிக்கவில்லை. ஓரத்தில் பொடி எழுத்தில் ஏழு வாக்கியம் எழுதியிருந்தார். தலையில் அடித்துக்கொண்டு படித்தேன். மூன்றாவதில் நின்றுவிட்டேன். 'எதிர் மேசையை நினைத்தால், ஒருவகையில் போக வேண்டும், ஒருவகையில் போகவே முடியாது.'

சாரை வராந்தாவில் மடக்கினேன்.

"சார், மேடம் போகப் போறாங்க. உங்களை விட்டுட்டுப் போக மனசில்லாம தவிக்கிறாங்க. ஒரு வார்த்தை கேளுங்க."

"அது நீங்க சொல்றீங்க அக்கா. அடுத்தவங்க வாக்கு சான்று ஆகாது."

படிவத்தை நீட்டினேன். "இது அவங்க கையெழுத்து."

"மை தெரியுது. மனசு தெரியலையே." ஆனால் முகம் வெளிறிப்போயிருந்தது. "தப்பா ஊகிச்சுக் கேட்டு, அவங்க மாட்டேன்னு சொல்லிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

அட, இதுதானா சங்கதி! தத்துவமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. வெறும் பயம். என் கோபம் போய்ப் பாவமாகிவிட்டது. கையைப் பிடித்து இழுக்காத குறையாக அவரை அறைக்குள் கூட்டிவந்தேன்.

மேடம் புத்தகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். கண் சிவந்து கலங்கியிருந்தது. சார் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு வாழ்நாளில் முதல் தடவையாக ஊகித்தார்.

"கண்ணு கலங்கியிருக்கு. அதனால... என்னைப் பிரியற வருத்தத்துல அழறீங்க."

"வருத்தமா?" மேடம் கையிலிருந்த புத்தகத்தைப் பொத்தென்று போட்டார். "ஆத்திரம்! பதினொரு வருஷமா எதிர்லயே உட்கார்ந்திருக்கேன். ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

சாருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பார்த்தீங்களா அக்கா, ஊகம் தப்பாப் போகும்னு அப்பவே சொன்னேன்ல?"

"சார்! மணி மூணே முக்கால்!"

அவர் மேசையைச் சுற்றி வந்து மேடத்தின் முன்னால் நின்றார். "அந்த வேலையை விட்டுடாதீங்க. நானும் அங்கேயே வந்துடறேன். என்னைக் கட்டிக்கிறீங்களா?"

"ஆமா."

சார் காத்திருந்தார். நானும் படிவத்தைப் பிடித்தபடி காத்திருந்தேன். மேடம் சும்மா நின்றார்.

"மீதி ஆறு?" என்று சார் மெதுவாகக் கேட்டார்.

"மீதி கிடையாது. ஆமா, அவ்வளவுதான்." என் கையிலிருந்த படிவத்தை வாங்கி, 'ஏற்கவில்லை'யை ஒரே கோட்டில் அடித்தார் மேடம்.

அதன்பிறகு அந்த அறையில் அழுதது நான்தான். சந்தோஷத்தில். யாரும் ஊகித்துக் கஷ்டப்பட வேண்டாம், நானே சொல்லிவிடுகிறேன்.